தூக்குத் தண்டனை: தீர்ப்புக்கும் தண்டனைக்கும் இடையே நடக்காத விசாரணை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடூரமான ஒரு கொலைச் செய்தி வரும்போதெல்லாம் தங்கள் நாளிதழின் கடிதப் பகுதி இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ‘இவனையெல்லாம் உடனே தூக்கில் போட வேண்டும்’ என்கிறது ஒரு தரப்பு. ‘உயிரைக் கொடுக்க முடியாத அரசுக்கு அதை எடுக்கவும் உரிமை இல்லை’ என்கிறது மறு தரப்பு. இரண்டுமே அறத்தைத்தான் பேசுகின்றன. ஆனால் ஒரு மனிதனைத் தூக்குமேடை வரை கொண்டுபோகும் முடிவை யார், எத்தனை மணி நேரத்தில், எந்தத் தாள்களை வைத்து எடுக்கிறார்கள் என்று இரு தரப்பும் கேட்பதில்லை. நான் மரண தண்டனை கூடாது என்ற கட்சி. அதற்கு நான் சொல்லும் காரணம் இந்த நடைமுறையிலிருந்து வருவது.

சென்னை முகலிவாக்கத்தில் 2017 பிப்ரவரியில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். ஓராண்டுக்குள் விசாரணை முடிந்து, 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விரைவான நீதி என்று அன்று பலரும் பாராட்டினார்கள். 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நபரை முழுமையாக விடுதலை செய்தது. குற்றச்சாட்டு வனையப்பட்ட நாளில், அதாவது எந்தெந்தக் குற்றங்களுக்காக விசாரணை என்று நீதிமன்றம் முறையாகப் பதிந்த நாளில், அவருக்கு வழக்கறிஞர் இல்லை. பிறகு இலவச சட்ட உதவியில் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் வழக்குக் கட்டைப் படித்துத் தயாராகப் போதிய அவகாசம் தராமலே சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. கண்காணிப்பு கேமரா பதிவு உள்ளிட்ட முக்கியமான சாட்சியங்கள் சட்டம் கேட்கும் முறையில் நிரூபிக்கப்படவில்லை. குற்றவாளி என்ற தீர்ப்பும் தூக்குத் தண்டனையும் ஒரே நாளில் சொல்லப்பட்டன. எட்டு ஆண்டுகள் கழித்து அந்தக் குழந்தையின் பெற்றோர் கையில் இருப்பது, குற்றவாளி என்று எவருமே இல்லாத ஒரு வழக்கு. அவசரம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டும் கேடு என்று நினைப்பவர்கள் அந்தப் பெற்றோரை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் எழுதப்பட்ட விதத்தைப் பார்த்தால் இப்படி நடக்கவே கூடாது. கொலைக்கு ஆயுள் தண்டனைதான் பொது விதி, மரணம் விதிவிலக்கு. மரணம் என்றால் நீதிபதி அதற்குத் ‘தனிக் காரணங்களை’ எழுத்தில் பதிய வேண்டும். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 354(3) சொன்னதும் இதுதான், அதற்குப் பதிலாக இப்போதுள்ள நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 393(3) சொல்வதும் இதுதான். குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன பிறகு தண்டனை பற்றித் தனியாக ஒரு விசாரணையும் நடத்த வேண்டும். 1980 மே மாதம் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் மரண தண்டனை செல்லும் என்றபோது, ‘அரிதினும் அரிதான’ வழக்குக்கு மட்டுமே என்று கட்டுப்படுத்தியது. இந்தச் சொற்றொடர் எல்லோருக்கும் தெரியும். அதே தீர்ப்பின் இன்னொரு பகுதி பலருக்குத் தெரியாது. குற்றத்தை மட்டும் பார்க்காமல் குற்றவாளியையும் பார்க்க வேண்டும். இவர் திருந்த வாய்ப்பே இல்லை என்பதை அரசுத் தரப்புதான் சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டும் என்கிறது அந்தப் பகுதி.

விசாரணை நீதிமன்றங்களில் நடப்பது வேறு. காலையில் ‘குற்றவாளி’ என்று தீர்ப்பு. கூண்டில் நிற்பவரைப் பார்த்து ‘தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?’ என்று நீதிபதி கேட்பார். ‘நான் தப்பு செய்யலைங்க ஐயா, சின்னப் பிள்ளைகள் இருக்கு, வயசான அம்மா இருக்கு’ என்பார் அவர். வழக்கறிஞர் எழுந்து ‘இளம் வயது, முந்தைய குற்றம் எதுவும் இல்லை, கருணை காட்ட வேண்டும்’ என்று நான்கு வரி சொல்வார். அரசு வழக்கறிஞர் குற்றத்தின் கொடூரத்தை மறுபடி விவரிப்பார். மதிய இடைவேளைக்குப் பிறகு தண்டனை. பல வழக்குகளில் ஒருவர் உயிரோடு இருக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு நடந்த முழு விசாரணை இவ்வளவுதான்.

2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திருத்த முயன்றது. மரண தண்டனை கேட்கும் அரசு, குற்றம் சாட்டப்பட்டவரின் மனநல மதிப்பீட்டை விசாரணைக் கட்டத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும். அவருடைய வயது, பிறந்து வளர்ந்த சூழல், பெற்றோர், உடன்பிறந்தோர், கல்வி, வருமானம், சிறு வயதில் பட்ட வன்முறை அல்லது புறக்கணிப்பு, மனநோய் வரலாறு ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். பிறகு சிறையில் அவர் எப்படி நடந்துகொண்டார், என்ன வேலை செய்தார், என்ன படித்தார் என்ற அறிக்கை வேண்டும். நன்னடத்தை அலுவலரின் அறிக்கை வேண்டும். தேவையானால் புதிதாக ஒரு மனநல அறிக்கையும் வேண்டும். எதிர்த் தரப்புக்கு இவற்றை மறுக்க வாய்ப்புத் தர வேண்டும்.

நல்ல பட்டியல்தான். நடைமுறையில் எங்கே கெடுகிறது என்றும் சொல்ல வேண்டும். சிறை நடத்தை அறிக்கை ‘நடத்தை திருப்தி’ என்ற ஒற்றை வரியில் வந்து சேர்கிறது. நன்னடத்தை அலுவலர் ஊருக்குப் போய், கொலையால் கொதித்துப் போயிருக்கும் அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்து, அவர்கள் கோபத்தை அப்படியே எழுதி அனுப்புகிறார். மனநல மருத்துவர் ஒருமுறை பார்த்து ‘இடம், காலம், ஆள் உணர்வு உள்ளது, நீதிமன்ற விசாரணையை எதிர்கொள்ளத் தகுதியானவர்’ என்று சான்று தருகிறார். அந்தச் சான்று பதில் சொல்வது வேறொரு கேள்விக்கு. குடிகாரத் தந்தையின் அடி, தலையில் பட்ட பழைய காயம், எட்டாம் வகுப்பில் நின்ற படிப்பு, அறிவுத்திறன் குறைபாடு ஆகியவை ஒரே சந்திப்பில் வெளிவருவதில்லை. தாயிடமும் தங்கையிடமும் தனித்தனியாக, பலமுறை பேச வேண்டும். பள்ளிப் பதிவேட்டையும் அரசு மருத்துவமனைச் சீட்டையும் தேடி எடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் செய்தால் மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. இலவச சட்ட உதவி தரும் நம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களில் இதற்கென்று பயிற்சி பெற்ற ஆட்களும் பணமும் இருந்தாக வேண்டும். தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தூக்குத் தண்டனைக் கைதிகளில் 74.1 சதவீதத்தினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். இந்தச் செலவை ஏற்கக் கூடியவர்கள் அந்தக் கொட்டடியில் மிகச் சிலரே.

தூக்குத் தண்டனை ஏன் இவ்வளவு எளிதாக விதிக்கப்படுகிறது என்பதற்கு, பொதுவெளியில் யாரும் பேசாத ஒரு காரணமும் உண்டு. சாதாரணக் கொலை வழக்கில், அதை விசாரிக்கும் அமர்வு நீதிபதியின் கையில் இரண்டே கதவுகள்தான்: ஆயுள் தண்டனை, அல்லது மரணம். ஆயுள் என்று விதித்தால், 14 ஆண்டுகள் முடிந்தபின் முன்விடுதலை பற்றி அரசு முடிவெடுக்கலாம். மூன்று பேரைக் கொன்ற ஒருவருக்கு 14 ஆண்டுகள் போதாது என்று ஒரு நீதிபதி நேர்மையாக நினைத்தால் அவர் என்ன செய்வார்? 2008-ல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் நடுவில் மூன்றாவது கதவு ஒன்றைத் திறந்தது. 20, 25, 30 ஆண்டுகள், அல்லது சாகும்வரை, தண்டனைக் குறைப்பு இல்லாத சிறை. 2015 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. ஆனால் அந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே என்றும் சொல்லிவிட்டது. ஆகவே கீழே தூக்கு. மேலே போனால் ‘25 ஆண்டுகள் குறைப்பின்றி’. உடுமலைப்பேட்டை ஆணவக் கொலை வழக்கில் நடந்தது இதுதான். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் ஒருவரை விடுதலை செய்து, மற்ற ஐவருக்கும் 25 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் சிறையாக மாற்றியது. முதல் தீர்ப்பு வந்த நாளில் ஊடகங்களில் வெடித்த மகிழ்ச்சியும், இரண்டாம் தீர்ப்பு வந்த நாளில் எழுந்த ‘அநீதி’ என்ற குமுறலும், இந்தக் கதவு கீழ் நீதிமன்றத்தில் இருந்திருந்தால் பெருமளவு தவிர்க்கப்பட்டிருக்கும்.

உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் எந்தத் தூக்குத் தண்டனையும் நிறைவேறாது. அமர்வு நீதிபதி தாமாகவே கோப்பை மேலே அனுப்ப வேண்டும். குறைந்தது இரண்டு நீதிபதிகள் சாட்சியம் முழுவதையும் புதிதாக மதிப்பிட வேண்டும். தேவையானால் கூடுதல் சாட்சியமும் பெறலாம். நல்ல பாதுகாப்புதான் இது. ஆனாலும் உச்ச நீதிமன்றமே தவறிய வழக்குகள் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2003-ல் நடந்த ஒரு கொலை வழக்கில் ஆறு பேருக்கு விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அந்த மூவருக்கும் சேர்த்து ஆறு பேருக்கும் தூக்கு என்றது. 2019 மார்ச் 5 அன்று அதே உச்ச நீதிமன்றம், ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்து, தலைக்கு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இடையில் பதினாறு ஆண்டுகள் போயிருந்தன. 2009-க்கும் 2019-க்கும் இடையில் அவர்கள் தூக்கிலிடப்பட்டிருந்தால் அந்த இழப்பீட்டை வாங்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

குற்றம் ஐயமற நிரூபணமான வழக்குகளிலும், யார் தொங்குகிறார் யார் பிழைக்கிறார் என்பதில் ஒழுங்கு இல்லை. உத்தரப் பிரதேசத்தில் ஒரே கொலை வழக்கில் ஒரே அளவு பங்குள்ள மூன்று பேர். ஒருவருக்கு உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு தண்டனையைக் குறைத்தது. இன்னொருவரின் மனுவை வேறோர் அமர்வு தள்ளுபடி செய்தது. அவர் 1981 அக்டோபர் 6 அன்று தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவர் கடைசி நேரத்தில் இந்த முரண்பாட்டைக் காட்டித் தப்பினார். 2009-ல் பரியார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1996-ல் தான் கொடுத்த ஒரு தீர்ப்பும் அதைப் பின்பற்றிய வேறு சிலவும் பச்சன் சிங் தீர்ப்புக்கு முரணானவை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்த 1996 தீர்ப்பின் கைதி அதே ஆண்டில் தூக்கிலிடப்பட்டுவிட்டார். இதைச் சுட்டிக்காட்டி 2012-ல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர், அத்தகைய தீர்ப்புகளால் தூக்குத் தண்டனை பெற்று அப்போது உயிரோடிருந்த 13 பேரின் தண்டனையைக் குறைக்குமாறு குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கு நமக்கெல்லாம் தெரிந்தது. தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்கு என்பதால் இடையில் உயர் நீதிமன்றம் கிடையாது. 1998-ல் 26 பேருக்குத் தூக்கு. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்து, மூவருக்கு ஆயுளாக்கி, நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது.

கோவையில் 2010-ல் பள்ளிக் குழந்தைகள் இருவரைக் கடத்திக் கொன்ற வழக்கு இதைவிட என்னை உறுத்துவது. குற்றம் மன்னிக்க முடியாதது. குற்றவாளி யார் என்பதிலும் நீதிபதிகளிடையே கருத்து வேறுபாடு இல்லை. 2019 ஆகஸ்டில் மூன்று நீதிபதிகளில் இருவர் தூக்கு என்றனர். ஒருவர் தண்டனைக் குறைப்பில்லாத ஆயுள் சிறையே போதும் என்றார். அதே நவம்பரில் சீராய்வு மனுவிலும் அதே இரண்டுக்கு ஒன்று. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில், முழுச் சாட்சியத்தையும் படித்த ஒரு நீதிபதி ‘இவர் வாழலாம்’ என்று எழுதியிருக்கும்போது, மற்ற இருவரின் எண்ணிக்கையை வைத்து ஓர் உயிரை எடுப்பது சரியா? மரணத்துக்கு மட்டுமாவது எல்லா நீதிபதிகளும் ஒருமனதாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கலாம், கேட்கவில்லை.

இனி, கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தைப் பற்றி. தூக்கு வேண்டும் என்று அவர்கள் கேட்பதைப் ‘பழிவாங்கும் எண்ணம்’ என்று ஏளனமாகப் பேசுவோர் எங்கள் தரப்பிலும் உண்டு. அது தவறு. தன் பிள்ளையைக் கொன்றவன் வாழக் கூடாது என்று ஒரு தாய் நினைப்பதில் குறை காண யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தத் தாய்க்கு அரசு உண்மையில் கொடுப்பது என்ன? மேல்முறையீடு, சீராய்வு, கருணை மனு என்று ஒவ்வொரு படியிலும் தொலைக்காட்சி ஒலிவாங்கி வாசலுக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் அந்த நாள் திரும்ப நடக்கிறது. விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் காவல்துறை தெரிவிக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. மேல்முறையீடு எங்கே நிற்கிறது என்று பின்னாளில் குடும்பத்துக்குச் சொல்லவும் ஒருவர் வேண்டும். இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அலைந்து வாங்கித் தருபவர் வேண்டும். தடயவியல் ஆய்வக அறிக்கை காலத்தில் வர வேண்டும். நிர்வாக அலுப்புத் தரும் இந்த வேலைகளில்தான் அந்தக் குடும்பத்துக்கான நீதி பெரும்பாலும் கிடைக்கிறது அல்லது தொலைகிறது.

தூக்கு குற்றத்தைத் தடுக்கும் என்ற வாதத்தை நீட்ட விரும்பவில்லை. ஆயுள் தண்டனையைவிட அது கூடுதலாகத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2015-ல் நீதியரசர் ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 262-ஆவது அறிக்கையில் சொல்லி, பயங்கரவாதக் குற்றங்கள், நாட்டின் மீதான போர் தவிர மற்றவற்றுக்கு இதை ஒழிக்கப் பரிந்துரைத்தது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்துக்கு, கொலை இல்லாவிட்டாலும் மரணம் என்று 2018 முதல் வந்த திருத்தங்கள் பற்றி மட்டும் ஒன்று. இவ்வகைக் குற்றங்களில் பெரும்பாலும் குற்றவாளி குழந்தைக்குத் தெரிந்தவர், பல நேரங்களில் உறவினர். மாமாவுக்குத் தூக்கு என்றால் வீட்டுப் பெரியவர்கள் புகாரைத் தாங்களே அமுக்கிவிடுவார்கள். வன்முறைக்கும் கொலைக்கும் தண்டனை ஒன்றுதான் என்றால், ஒரே சாட்சியான குழந்தையை உயிரோடு விடுவதற்குக் குற்றவாளிக்கு என்ன காரணம் மிஞ்சுகிறது?

கருணை மனுவும் மாறியிருக்கிறது. ராஜீவ் வழக்கில் தூக்கு உறுதியான நால்வரில் மூவர் 2000-ல் கொடுத்த மனுக்கள் 2011 ஆகஸ்டில்தான் நிராகரிக்கப்பட்டன. பதினோரு ஆண்டுத் தாமதத்தைக் காரணம் காட்டி 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் தூக்கை ஆயுளாக்கியது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, சத்ருகன் சவுகான் வழக்கில் இதே காரணத்தாலும் மனநோய் போன்றவற்றாலும் 15 பேர் பிழைத்தனர். இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 472-ஆவது பிரிவு, கைதிக்கு மனுக் கொடுக்க 30 நாள் கெடு விதிக்கிறது. ஆளுநர் மறுத்தால் குடியரசுத் தலைவருக்கு 60 நாளில் மனுச் செய்ய வேண்டும். முடிவெடுக்கக் குடியரசுத் தலைவருக்கு மட்டும் கெடு இல்லை. அந்த முடிவை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அரசியலமைப்பு தந்த நீதிப் புனராய்வை ஒரு சாதாரணச் சட்டத்தால் பறிக்க முடியாது என்பது என் நம்பிக்கை; ஆனாலும் கடைசிக் கட்டத்தில் கைதிக்கு இருந்த கதவை அடைக்கும் நோக்கம் தெளிவு.

தூக்கு நடக்கும் விதத்தையும் ‘உடனே போடு’ என்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். கைதியின் எடைக்கேற்ப விழும் தூரம் கணக்கிடப்படுகிறது. எடை குறைந்தவருக்குத் தூரம் அதிகம். சிறை விதிகளில் இது ஏறத்தாழ 1.83 மீட்டரிலிருந்து 2.44 மீட்டர் வரை. கைதியின் எடையைப் போல் ஒன்றரை மடங்கு மணல் மூட்டையைத் தொங்கவிட்டுக் கயிற்றைச் சோதிப்பார்கள். தூரம் குறைந்தால் கழுத்தெலும்பு விலகாமல் மூச்சுத் திணறி, நிமிடக்கணக்கில் துடித்துச் சாக நேரும். கூடினால் தலை துண்டாகலாம். 1983-ல் உச்ச நீதிமன்றம் இம்முறை அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்றது. தூக்கிலிடப்பட்டவரின் உடலைக் கட்டாயம் பிணக்கூறாய்வு செய்ய வேண்டும் என்று 2014-ல்தான் உத்தரவு வந்தது. அதுவரை, மரணம் உடனடியாக நேர்ந்ததா மூச்சடைப்பால் நேர்ந்ததா என்று பார்க்கச் சிறைகளுக்குக் கட்டாயம் இருக்கவில்லை. நம் மாநிலத்தில் கடைசியாக இது நடந்தது 1995 ஏப்ரலில், சேலம் மத்திய சிறையில். அதன்பின் முப்பது ஆண்டுகளாகத் தூக்கு இல்லாமல்தான் தமிழ்நாடு சட்டம் ஒழுங்கை நடத்தி வந்திருக்கிறது.

அரசியல் நிர்ணய சபையில் 1949 ஜூன் 3 அன்று அம்பேத்கர், மரண தண்டனை வழக்குகளில் யாருக்கு மேல்முறையீடு என்ற விவாதத்தின் நடுவே, இந்தத் தண்டனையையே ஒழிப்பதுதான் இந்நாட்டுக்குத் தகும் என்றார். நாடாளுமன்றம் அதைச் செய்யும் வரை காத்திருக்காமல் இங்கேயே செய்யக் கூடியவை உண்டு. குற்றச் சட்டம், மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக் கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் மாநிலத் திருத்தங்களை 2025 ஜனவரியில் நம் சட்டப்பேரவை நிறைவேற்றியது. அதே வழியில், தண்டனைக் குறைப்பில்லாத 20, 25, 30 ஆண்டுச் சிறையை அமர்வு நீதிபதியே விதிக்கலாம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பலாம். குற்றவாளி என்ற தீர்ப்புக்கும் தண்டனைக்கும் இடையே குறைந்தது சில வாரங்கள் இடைவெளி கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் சுற்றறிக்கை அனுப்பலாம். தூக்கு கேட்கப்படும் வழக்கில் குற்றச்சாட்டு வனையும் முன்பே, அமர்வு வழக்குகளில் நல்ல அனுபவமுள்ள வழக்கறிஞரையும், குடும்பப் பின்னணியைத் திரட்டும் சமூகப் பணியாளர் ஒருவரையும் சட்டப்பணிகள் ஆணைக்குழு நியமிக்கலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். விசாரணை நீதிமன்றம் தூக்கு விதிக்கும் செய்தியை முதல் பக்கத்தில் வெளியிடும்போது, தீர்ப்புச் சொன்ன தேதியையும் தண்டனை சொன்ன தேதியையும், மனநல அறிக்கையும் நன்னடத்தை அலுவலர் அறிக்கையும் தாக்கலாயினவா என்பதையும் தங்கள் நீதிமன்றச் செய்தியாளர் இரண்டு வரியில் சேர்க்கலாம். அந்தத் தண்டனையை உயர் நீதிமன்றம் என்ன செய்தது என்பதையும் அதே பக்கத்தில் வெளியிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை